நகர ஏரியை மீட்பது எப்படி: வேலை கரைக்கு மேலே தொடங்குகிறது

நகரத்துக்குள் ஓர் ஏரி நாறத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் ஏரிக்குள்தான் இறங்குகிறார்கள். ஆகாயத்தாமரையை வாருகிறார்கள், தூர்வார இயந்திரம் கேட்கிறார்கள், நடுவில் ஒரு நீரூற்று வைக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஏரிப் பாதுகாப்புக் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: ஏரியின் நோய் பெரும்பாலும் ஏரியில் பிறப்பதில்லை. மேட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் குழாய்க்குள்ளிருந்தும் வந்து சேர்கிறது. அந்த வரத்தைச் சரிசெய்யாமல் தண்ணீருக்குள் போடும் பணமும் உழைப்பும் ஓரிரு மழைக்காலத்தில் காணாமல் போய்விடும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் கரைக்கு வெளியே நடக்கும் வேலைதான்.

எல்லையைக் கண்டுபிடியுங்கள்

எங்கே விழும் மழை உங்கள் ஏரிக்கு வருகிறது? இதற்குப் பதில் தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம். சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடம் ஒன்றை எடுத்து, ஏரியைச் சுற்றியுள்ள மேடுகளின் உச்சி வழியாகக் கோடு இழுத்தால் நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லை கிடைத்துவிடும். ஆனால் நகரத்தில் அந்தக் கோட்டை அப்படியே நம்ப முடியாது. மழைநீர் வடிகால்கள் மேட்டைக் குடைந்துகொண்டு போகும். இயல்பாக வேறு பக்கம் போகவேண்டிய தண்ணீர் குழாய் வழியாக உங்கள் ஏரிக்கு வரும். உங்களுக்கு வரவேண்டியது வேறெங்கோ போய்விடும்.

ஆகவே நல்ல மழை பெய்யும்போது நடந்துதான் பார்க்கவேண்டும். இடி மின்னல் இல்லாத நாளாகப் பார்த்து இரண்டு பேராகப் போங்கள். ஒவ்வொரு தெருமுனையிலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வரைபடத்தில் அம்பு போடுங்கள். எந்தச் சாக்கடை வாயில் இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே செம்மண் நிறத்தில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் வடிகால் வரைபடம் கேட்டு வாங்கி இதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாத இடங்கள் கட்டாயம் இருக்கும். அந்த இடங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள், பின்னால் உதவும்.

அதே வரைபடத்தில் தார்ச்சாலை, கான்கிரீட், கூரை எவ்வளவு என்பதையும் நிறம் தீட்டுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் 100 லிட்டர். 25 மி.மீ. பெய்தால் 2,500 லிட்டர். மண்ணாக இருந்தால் இதில் பெரும்பகுதி உள்ளே இறங்கியிருக்கும். கூரையிலும் தாரிலும் விழுந்தது தெருவின் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு சில நிமிடத்தில் ஏரிக்கு வந்துவிடும். நிலத்தில் பத்தில் ஒரு பங்கு இப்படி மூடப்பட்டாலே சிற்றோடைகளின் உயிர்வளம் குறையத் தொடங்குகிறது என்பது பல இடங்களில் கண்ட உண்மை. நகர ஏரிகளுக்கு மேலே இது பல மடங்கு.

மழை இல்லாத நாளில் ஓடும் தண்ணீர்

எனக்கு மிக முக்கியமாகப் படும் வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மழைநீர் வடிகால் மழை பெய்தால்தான் ஓடவேண்டும். தொடர்ந்து 72 மணி நேரம் மழை இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, ஏரியில் வந்து விழும் ஒவ்வொரு குழாய் வாயையும் கால்வாயையும் போய்ப் பாருங்கள். காலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள் ஒருமுறை, மதியம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. காலையில் ஓட்டம் கூடி மதியம் குறைந்தால் அது வீடுகள் குளித்துத் துவைக்கும் நேரத்தோடு சேர்ந்து வரும் தண்ணீர். இரவும் பகலும் ஒரே அளவில் தெளிவாக ஓடினால் நிலத்தடி ஊற்றாகவோ, உடைந்த குடிநீர்க் குழாயாகவோ இருக்கலாம்.

குழாய் வாயில் குனிந்து பார்த்தால் நிறைய தெரியும். கழிவுநீர் வாரக்கணக்கில் ஓடும் வாயில் கல்லின் மேல் சாம்பல் நிறத்தில், ஈரப் பஞ்சுபோல ஒரு படலம் படிந்து, ஓட்டத்தின் திசையில் நூல் நூலாக ஆடிக்கொண்டிருக்கும். பச்சைப் பாசிக்கும் இதற்கும் வித்தியாசம் பார்த்த உடனே தெரியும். அழுகிய முட்டை வாடை, சோப்பு வாடை, எண்ணெய்ப் பளபளப்பு ஆகியவற்றையும் எழுதுங்கள். நுரையைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். அழுகிய தாவரங்களாலும் நுரை வரும். எண்ணெய்ப் படலத்தைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடித் துண்டுகள் மாதிரி உடைந்து பிரிந்தால் அது இரும்பை உண்ணும் பாக்டீரியாக்களின் படலம். குலைந்து மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

அடுத்தது அம்மோனியா. கழிவுநீர் கலந்த தண்ணீரில் இது கூடுதலாக இருக்கும். மீன்தொட்டிக்கு விற்கும் அம்மோனியா சோதனைப் பெட்டியே முதல் கட்டத்துக்குப் போதும். கைக்கு ரப்பர் உறை கட்டாயம். இன்னொரு எளிய வழியும் உண்டு. துணி துவைக்கும் தூள்களில் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது பஞ்சில் ஒட்டிக்கொள்ளும், புறஊதா விளக்கில் நீல வெள்ளையாக ஒளிரும். அந்த வேதிப்பொருள் ஏற்கெனவே சேராத சுத்தமான பருத்திப் பஞ்சை ஒரு கம்பி வலைக்குள் வைத்துக் குழாய் வாயில் சில நாள் கட்டிவிட்டு, எடுத்துக் கழுவி, இருட்டறையில் புறஊதா விளக்கில் பாருங்கள். நீரில் போடாத பஞ்சு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். ஒளிர்ந்தால் துவைத்த தண்ணீர் அந்த வழியாக வருகிறது.

இனி மேல்நோக்கிப் போகவேண்டும். குழாய் வாயிலிருந்து அடுத்த மேன்ஹோல், அதற்கடுத்தது என்று ஓட்டம் நிற்கும் இடம் வரை தேடினால், எந்த இரண்டு மூடிகளுக்கு நடுவில் கழிவுநீர் சேர்கிறது என்று சுருக்கிவிடலாம். மூடியைத் திறப்பதும் உள்ளே பார்ப்பதும் உள்ளாட்சிப் பணியாளரோடு சேர்ந்து, அதற்கான கருவிகளோடு மட்டும். யாரும், எந்தக் காரணத்துக்காகவும், உள்ளே இறங்கக்கூடாது. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கொஞ்ச நேரத்தில் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும்; வாடை இல்லை என்று நினைத்தவர் மயங்கி விழுவார். ஏரியைக் காப்பாற்ற ஒரு மனித உயிரைப் பணயம் வைக்கும் வேலை எங்கேயும் நடக்கக்கூடாது.

எங்கள் ஏரியில் இப்படித் தேடிப்போனபோது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய், பக்கத்தில் ஓடிய மழைநீர் வடிகாலில் இணைந்திருந்தது. குடியிருந்தவர்கள் யாருக்கும் அது தெரியாது. கட்டியபோதே யாரோ அருகில் இருந்த குழாயில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். சண்டைக்குப் போகாமல், சோதனைச் சாயத்தை அவர்கள் முன்னிலையிலேயே கழிப்பறையில் ஊற்றி, அது ஏரிக்கரைக் குழாயில் வருவதைக் காட்டினோம். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக இருந்தது. இந்தச் சாயச் சோதனையை அனுமதி வாங்கி, அலுவலருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் ஏரி நிறம் மாறிவிட்டது என்று ஊர் பதறும்.

அளக்கத் தொடங்குங்கள், இன்றே

எதையும் மாற்றும் முன் அளவெடுத்து வைக்கவேண்டும். முதல் ஆண்டின் கணக்கு இல்லாவிட்டால் ஐந்தாம் ஆண்டில் ஏரி தேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மலிவான, நம்பகமான கருவி செக்கி தட்டு. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்ஜெலோ செக்கி 1865-இல் கடல்நீரின் தெளிவை அளக்கப் பயன்படுத்திய தட்டிலிருந்து வந்தது. இப்போது ஏரிகளில் பயன்படுவது 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டு. நான்கு கால்பாகமாகப் பிரித்து மாறி மாறிக் கறுப்பும் வெள்ளையும் அடித்து, அடியில் எடை கட்டி, அளவு குறித்த நீளாத கயிற்றில் தொங்கவிட்டால் தட்டு தயார். காலை பத்துக்கும் மதியம் மூன்றுக்கும் நடுவில், படகின் நிழல் பக்கமாக இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மெல்ல இழுத்து, மறுபடி தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் அன்றைய தெளிவு. எப்போதும் அதே இடம், முடிந்தவரை அதே ஆள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கவேண்டாம்.

கரைந்த ஆக்சிஜனைப் பொறுத்தவரை நேரம்தான் முக்கியம். பாசி நிறைந்த ஏரியில் மதியம் அளந்தால் எல்லாம் அருமையாக இருப்பதாகக் காட்டும். அதே பாசி இரவெல்லாம் சுவாசித்து ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன் செத்து மிதப்பது விடியலில்தான், அதனால் சூரியன் எழும் நேரத்தில் அளங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும். 2-க்குக் கீழே பெரும்பாலானவை தாங்காது. மேல்மட்டத்தில் மட்டும் அளக்காமல் அடிமட்டத்திலும் அளங்கள். காரணம் கீழே வருகிறது.

மொத்த பாஸ்பரஸ் அளவை மட்டும் நல்ல ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கையடக்கப் பெட்டிகளுக்கு அந்த நுட்பம் கிடையாது. லிட்டருக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஏரியில் ஊட்டம் மிகுந்துவிட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏன் பாஸ்பரஸ்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட சிற்றேரிகள் உண்டு. 1973-இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு, 226 என்று எண்ணிட்ட ஏரியின் இடுப்பில் ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தது. இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சைப் பசேலென்று பாசி பூத்தது, மறுபாதி பழையபடி இருந்தது. விமானத்திலிருந்து எடுத்த அந்தப் படம்தான் சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் வாதத்துக்குப் பெரிய பலம் ஆனது. நைட்ரஜனையும் குறைக்கவேண்டிய ஏரிகள் இருக்கின்றன. ஆனால் நகர ஏரிக்காரர்கள் தொடங்கவேண்டிய இடம் பாஸ்பரஸ் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு கிலோ பாஸ்பரஸ் சுமார் 500 கிலோ ஈரப்பாசி வளரப் போதும்.

நம்பிக்கைக்கு ஒன்று: அமெரிக்காவின் சியாட்டில் நகரையொட்டிய வாஷிங்டன் ஏரியில் சுற்றுவட்டார ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீர் கலந்துகொண்டிருந்தது. ஏரியியல் அறிஞர் எட்மண்ட்சன் என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தார். 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். 60-களின் நடுவில் ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கியிருந்த கோடைகாலத் தெளிவு, சில ஆண்டுகளில் மூன்று மீட்டரை எட்டியது. ஏரிக்குள் யாரும் மருந்து தெளிக்கவில்லை. வரத்தை நிறுத்தினார்கள்.

கழிவுநீரை அடைத்த பிறகு மிஞ்சுவது தெருவும் வீடும். இங்கே பெரிய திட்டங்களைவிட விளக்குமாறு அதிகம் செய்யும். மரத்திலிருந்து உதிர்ந்த இலை தார்ச்சாலையில் கிடந்து மழையில் ஊறினால், தேநீர்த்தூள் ஊறுவதுபோல அதிலுள்ள பாஸ்பரஸ் தண்ணீரில் இறங்கிவிடும். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் நடந்த ஓர் ஆய்வில், இலையுதிர் காலத்தில் மழைக்கு முன் தெருவில் இலையை முழுக்க அகற்றியபோது வடிகால் நீரின் மொத்த பாஸ்பரஸ் 84 சதவீதம் குறைந்தது. அதுவும் மழைக்கு முன் கூட்டவேண்டும், மழைக்குப் பின் கூட்டுவதில் பாதிப் பலன் போய்விடும். கூட்டியதை வடிகாலுக்குள் தள்ளாமல் மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள்.

வீடுகளிடம் கேட்கவேண்டியது அதிகமில்லை. வண்டியைத் தெருவில் கழுவாமல் மண் தரையில் கழுவவேண்டும். நாய் எச்சத்தை எடுக்கவேண்டும். தோட்டத்துக்கு மண்பரிசோதனை செய்யாமல் உரம் போடக்கூடாது, மழைக்கு முதல் நாள் போடவே கூடாது. செப்டிக் டேங்க் இருந்தால் காலம் தவறாமல் சுத்தம் செய்யவேண்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணலும் தோண்டிய மண்ணும் மூடப்பட்டிருக்கவேண்டும், ஏனென்றால் பாஸ்பரஸ் மண்துகளில் ஒட்டிக்கொண்டுதான் அதிகம் பயணம் செய்கிறது.

இடமிருப்பவர்களுக்கு மழைத்தோட்டம். கூரைநீர் வந்து விழும் ஒரு தாழ்வான பாத்தி, ஆழம் 15 முதல் 20 செ.மீ. போதும், வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி. தோண்டும் முன் சோதியுங்கள்: 30 செ.மீ. குழி வெட்டி நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். ஒரு நாளைக்குள் வடிந்தால் இடம் சரி. வடியாத களிமண்ணில் பிடிவாதமாகத் தோண்டவேண்டாம், அங்கே கூரைநீரைத் தொட்டியில் பிடிப்பதே மேல். கொசு வரும் என்று அக்கம்பக்கத்தில் பயப்படுவார்கள். இரண்டு நாளில் வற்றும் பாத்தியில் கொசுப்புழு வளர்ந்து பறக்கும் அளவுக்குக் காலம் இருக்காது என்று விளக்குங்கள், வற்றுகிறதா என்று கூடவே கண்காணியுங்கள்.

இப்போது ஏரிக்குள்

கரையைக் கல்லும் கான்கிரீட்டுமாகச் செங்குத்தாகக் கட்டுவதை எதிர்த்து நில்லுங்கள். நடைபாதை வேண்டும் என்பார்கள், வைக்கட்டும், தண்ணீரிலிருந்து தள்ளி. கரையோரம் ஆழம் குறைந்து சரிவாக இருந்தால்தான் கோரையும் நாணலும் நிற்கும், மீன் முட்டையிடும், பறவை இறங்கும். ஏரியைக் கிண்ணம்போலச் சுரண்டி எடுக்கும் தூர்வாரல் இதையெல்லாம் அழித்துவிடும். வரத்துக்கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் ஒரு வண்டல் குட்டையும் அதையடுத்துத் தாவரங்கள் நிறைந்த சதுப்பும் அமையுங்கள். குட்டையைக் காலாகாலத்தில் வழிக்க இயந்திரம் வந்துபோகப் பாதையும் விடவேண்டும். இதை மறந்துவிட்டுக் கட்டிய குட்டைகள் சீக்கிரமே தூர்ந்து பயனற்றுப் போகின்றன.

ஆழமற்ற ஏரிகளுக்கு ஒரு குணம் உண்டு. நீர்மூழ்கிச் செடிகள் நிறைந்து தெளிவாக இருக்கும், அல்லது பாசி நிறைந்து கலங்கிக் கிடக்கும். எந்த நிலையில் இருக்கிறதோ அதிலேயே நிலைத்துவிடப் பார்க்கும். அதனால் காலில் சிக்குகிறது என்று நீர்மூழ்கிச் செடிகளை முழுதாகப் பிடுங்கிவிட்டால் ஏரி கலங்கிய பக்கம் சாய்ந்துவிடும். படகுக்கு வழி மட்டும் வெட்டுங்கள். அடியைக் கிளறும் கெண்டை வகைகளையும் வீட்டுத் தொட்டி மீன்களையும் விடவேண்டாம். ஆகாயத்தாமரை வேறு, அது மேற்பரப்பை மூடி வெளிச்சத்தையும் காற்றையும் தடுப்பது. அதை வாரினால் அன்றே கரையைவிட்டு அப்புறப்படுத்துங்கள். கரையில் குவித்தால் அழுகி, அதன் சத்து முழுவதும் அடுத்த மழையில் ஏரிக்கே திரும்பும்.

வரத்து நின்றும் ஏரி தேறவில்லை என்றால்? சுவீடனின் வெக்ஷோ நகரில் ட்ரம்மன் ஏரிக்குள் கழிவுநீர் வருவது 1950-களின் இறுதியில் நின்றது. ஏரி அசையவே இல்லை. பல்லாண்டு படிந்த சேறுதான் காரணம். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும், சேற்றில் இரும்போடு கட்டுண்டிருக்கும் பாஸ்பரஸ் விடுபட்டு மேலே வருகிறது. அடிமட்ட ஆக்சிஜனை அளக்கச் சொன்னது இதற்காகத்தான். 1970, 71-இல் மேல்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகே ட்ரம்மன் மீண்டது. ஆக, தூர்வாருவது தவறில்லை. வரத்தை நிறுத்தியபின், சேற்றைச் சோதித்து, எந்த அடுக்கு வரை எடுப்பது என்று கணக்கிட்டுச் செய்யவேண்டியது. அலுமினிய உப்பான படிகாரத்தை இட்டுப் பாஸ்பரஸைக் கட்டும் முறையும் உண்டு. ஆனால் நீரின் அமிலத்தன்மை மாறினால் கரையும் அலுமினியம் மீனைக் கொல்லும், நிபுணர் இல்லாமல் தொடாதீர்கள். ஒரு மூட்டைப் பொடியைத் தூவினால் ஏரி சுத்தமாகிவிடும் என்று விற்க வருபவர்களிடம், முன்பு தூவிய ஏரியின் மூன்றாண்டு அளவீடுகளைக் கேளுங்கள்.

நீரில் பச்சைச் சாயம் கொட்டியதுபோலப் படலம் தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், சில வகைகள் நச்சுள்ளவை. ஒரு ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி, அசைக்காமல் குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். மேலே மிதந்து வளையம் கட்டினால் சந்தேகம் வலுக்கும். அடியில் படிந்தால் பெரும்பாலும் வேறு பாசி. மிதந்தால் ஆய்வக முடிவு வரும்வரை குழந்தைகளையும் நாய்களையும் மாடுகளையும் தண்ணீரிலிருந்து தள்ளிவைத்து, கரையில் அறிவிப்பு வையுங்கள்.

கணக்கும் கடிதமும்

பாஸ்பரஸ் வரத்தைக் குறைத்த ஏரிகள் புதிய சமநிலைக்கு வரப் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள் ஆகின்றன. இதைக் குழுவிலும் குடியிருப்போரிடமும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் இரண்டாம் கோடையில் பாசி பூத்ததும் ஆட்கள் விலகிவிடுவார்கள். எங்கள் குழுவில் நிலைத்து நின்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சிறு வேலையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டவர்கள்: ஒருவருக்குச் செக்கி தட்டு, ஒருவருக்குக் கிழக்குக் கால்வாயின் குழாய் வாய்கள், இன்னொருவருக்கு ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம்.

எல்லா அளவீடும் ஒரே நோட்டில், தேதி, நேரம், முந்தைய மூன்று நாள் மழை ஆகியவற்றோடு இருக்கட்டும். புகார் எழுதும்போது ஒரு கடிதத்தில் ஒரு குழாய் மட்டும் எழுதுங்கள்: இடம், வரைபடத்தில் அதன் எண், மழையில்லாத நாளில் எடுத்த படம், அம்மோனியா அளவு, எந்த மேன்ஹோல்களுக்கு நடுவில் என்ற குறிப்பு, செய்யவேண்டிய வேலை. "ஏரி மாசுபட்டுள்ளது" என்று பொதுவாக எழுதிய கடிதத்துக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். நகல் வைத்துக்கொண்டு, பெற்றதற்கான ஒப்புகையை வாங்குங்கள். உள்ளாட்சியின் ஆண்டு நிதித்திட்டம் முடிவாவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அது அவர்கள் மேசையில் இருக்கவேண்டும். சரிசெய்துவிட்டோம் என்று பதில் வந்தால், அடுத்த மழையில்லா 72 மணி நேரம் முடிந்த காலையில் அதே குழாய் வாயில் போய் மறுபடி அளங்கள்.